துளைப்பொறியும் பத்து விரல்களும்

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் நம் மன்றத்து இளைஞர் ஒருவர் என் அறைக்கு வந்தார். வேதியியல் பயில்பவர், தச்சுத் தொழிலுக்கும் அவருக்கும் அதுவரை யாதொரு தொடர்பும் இல்லை. விடுதி அறைக்கு ஒரு புத்தக அலமாரி செய்துகொள்ளப் புறப்பட்டவர், அலமாரியை மறந்துவிட்டுக் கருவிகளின்மேல் காதல் கொண்டுவிட்டார். இந்நோய் பலருக்கும் வருவதுதான். பலகையின் ஓரத்துக்கு இணையாகக் கோடு கீறுகின்ற மார்க்கிங் கேஜ் ஒன்றைக் கடையில் விலை கேட்டிருக்கிறார். நல்லதாக இருந்ததன் விலை அவரை மலைக்க வைத்துவிட்டது. "இரண்டு மரத்துண்டு, ஒரு பித்தளைத் தகடு, ஓர் ஆணி. இதற்கா அண்ணே இவ்வளவு விலை? நாமே செய்துகொண்டால் என்ன?" என்றார்.

செய்துகொள்ளலாம், ஐயமே இல்லை. நம் ஊர்த் தச்சர்கள் இழைப்புளிக்கு வேண்டிய இரும்பை மட்டும் கொல்லரிடமோ கடையிலோ வாங்கிக்கொண்டு, கட்டையைத் தம் கைக்குத் தக்கவாறு தாமே குடைந்து செய்துகொண்டவர்கள். அவர்கள் உளியாலும் கைத்துரப்பணத்தாலும் செய்ததை நாங்கள் பட்டறையில் உள்ள பொறிகளின் துணையால் செய்தோம். ஒரு மார்க்கிங் கேஜ், ஒரு கொட்டாப்புளி, உள்ளங்கையளவான ஓர் இழைப்புளி ஆகிய மூன்றும் உருவாயின. மூன்றுக்கும் பொதுவாக வேண்டியிருந்த பொறி ஒன்றே. அதுதான் பட்டறையில் டிரில்லிங் மெஷின் என்று வழங்கும் துளைப்பொறி. இக்கட்டுரையில் கருவிகளைச் செய்யும் முறையைவிட, செய்யும்போது விரல்களைக் காத்துக்கொள்ளும் முறையையே மிகுதியாக எழுதப் போகிறேன். அதற்குரிய காரணத்தை என் இடக்கைச் சுண்டுவிரல் நன்கறியும்.

பட்டறைக்குள் முதன்முறை நுழைபவர் வட்ட ரம்பத்தைக் கண்டு அஞ்சுவார். அதன் பற்களைப் பார்த்தாலே போதும். ஒருவரும் எச்சரிக்க வேண்டுவதில்லை. துளைப்பொறியைக் கண்டு ஒருவரும் அஞ்சுவதில்லை. அது நின்ற இடத்தில் நிற்கிறது. பிட் என்று சொல்லப்படும் அலகு நாம் கைப்பிடியைத் திருப்பினால்தான் கீழே இறங்குகிறது. விட்டால் வில்லின் விசையால் தானே மேலே போய்விடுகிறது. பார்ப்பதற்குத் தையல் இயந்திரத்தைப் போன்ற சாதுவான தோற்றம்! அச்சம் இன்மையே இப்பொறியின் முதல் ஆபத்து.

அதன் உறுப்புகள் எளியவை. கனமான அடித்தட்டு, அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏறி இறங்கும் ஒரு மேசை, உச்சியில் மோட்டார். மோட்டாரின் சுழற்சி ஒரு வாரின் வழியாகச் சுழல்தண்டுக்கு வருகிறது. தண்டின் நுனியில் சக். சக்கின் மூன்று தாடைகளுக்கு நடுவே அலகு. மோட்டாரின்மேலும் தண்டின்மேலும் படிப்படியாகச் சிறுத்தும் பெருத்தும் செல்லும் கப்பிகள் இருக்கும். மோட்டாரின் சிறிய படியிலும் தண்டின் பெரிய படியிலும் வாரை மாட்டினால் வேகம் குறையும். மாற்றி மாட்டினால் கூடும். நாம் இன்று காணும் முறுக்கு அலகுக்கு ஸ்டீபன் மோர்ஸ் என்னும் அமெரிக்கர் 1863-இல் காப்புரிமை பெற்றார். சாவியால் இறுக்கும் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902-இல் காப்புரிமை பெற்றார். இடையில் வந்த நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அடிப்படை பெரிதாக மாறிவிடவில்லை.

ஆனால் துளையிடும் கலையோ மிகப் பழமையானது. இன்று பாகிஸ்தானில் உள்ள பலுசிஸ்தானத்து மெஹர்கட் என்னும் இடத்தில், 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் கடைவாய்ப் பற்களில் கல்முனைத் துரப்பணத்தால் இட்ட துளைகளை ஆய்வாளர்கள் கண்டு 2006-இல் வெளியிட்டனர். வில்லின் நாணைத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துரப்பணமாக அது இருந்திருக்கும் என்பது அவர்கள் கருத்து. குஜராத்தின் கம்பாத் நகரத்து மணிக் கைவினைஞர்கள் வைரமுனை பொருத்திய வில்துரப்பணத்தால் அகேட் கற்களைத் துளைத்துவந்ததும் அந்த மரபே. அந்தத் துரப்பணத்தில் ஒரு வசதி இருந்தது. முனை எங்கேனும் சிக்கினால் வில்லை இழுக்கும் கை உடனே உணரும், உடனே நிற்கும். மின்மோட்டாருக்கு அந்த உணர்ச்சி கிடையாது. சிக்கினாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

இந்தச் சிக்கலைத்தான் நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அலகு பொருளை வெட்டும்போது, அந்த அளவுக்குப் பொருளையும் தன்னோடு சேர்த்துச் சுழற்ற முயல்கிறது. வெட்டு சீராக நடக்கும்வரை இவ்விசை சிறிது. கையால் பிடித்தாலே பொருள் நிற்கும். இதனால்தான் கையால் பிடித்துத் துளைக்கும் பழக்கம் பலருக்கு வந்துவிடுகிறது. ஒன்பது துளை நன்றாக விழும். பத்தாவது துளையில் அலகு பொருளைக் கவ்விக்கொள்ளும். அக்கணம் மூன்றில் ஒன்று நடந்தாக வேண்டும்: மோட்டார் நிற்க வேண்டும், அல்லது அலகு முறிய வேண்டும், அல்லது பொருள் சுழல வேண்டும். கையில் பிடித்த பொருளாயின் பெரும்பாலும் மூன்றாவதே நடக்கும்.

கணக்கிட்டே பார்ப்போம். அரைக் குதிரைத்திறன் மோட்டார் என்பது 373 வாட். சுழல்தண்டு நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுற்றினால், முறுக்குவிசை ஏறத்தாழ 6 நியூட்டன் மீட்டர். அலகின் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விரல்களால் ஒரு தகட்டைப் பிடித்திருப்பவர் 120 நியூட்டன், அதாவது சுமார் 12 கிலோ எடையின் விசையைத் தாங்க வேண்டும். எண்ணெய் பட்ட தகட்டை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு இதைத் தாங்குவது இயலாத காரியம். அதுவும் மோட்டார் தன் வழக்கமான ஆற்றலோடு நிற்பதாகக் கொண்டு போட்ட கணக்கு. தடைபடும்போது அது சற்று நேரம் அதனினும் மிகுந்த விசையைத் தரவல்லது. சரி, தகடு கைநழுவிவிட்டது. நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்து. மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள தகட்டின் மூலை மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். கண் கண்டு, மூளை உணர்ந்து, கை விலக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் அந்த மூலை இரண்டு முறை சுற்றி வந்திருக்கும். "நான் விரைவாகக் கையை எடுத்துவிடுவேன்" என்பவர்களுக்கு இக்கணக்கே விடை.

ஆதலின் முதல் விதி: பொருளைக் கை பிடிக்கக்கூடாது, வைஸோ கிளாம்ப்போ பிடிக்க வேண்டும். அந்த வைஸும் மேசையில் போல்ட்டால் இறுக்கப்பட்டிருத்தல் நலம். நீண்ட மரச்சட்டமாக இருந்து, கிளாம்ப் போட இடம் வாய்க்கவில்லையாயின், சட்டத்தின் நீண்ட பகுதி இடப்பக்கமாக நீண்டு, தூணின் இடப்புறத்தில் சாய்ந்திருக்குமாறு வைக்கலாம். மேலிருந்து பார்த்தால் அலகு கடிகார முள் சுழலும் திசையில் சுழல்கிறது. ஆகவே சட்டம் சிக்கினாலும் அதன் இடமுனை பின்னோக்கிச் சென்று தூணில் முட்டி நிற்கும். வலப்பக்கமாக நீட்டி வைத்தாலோ, அதே முனை முன்னோக்கி வந்து துளைப்பவரின் விலாவில் மோதும். இடமா வலமா என்பது இங்கே சகுனம் அன்று, இயக்கவியல்.

நிற்க. என் சுண்டுவிரல் கதைக்கு வருகிறேன்.

வடநாட்டுக் குளிர் நம்மவர்க்குப் புதிது. ஊரில் மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைக் கட்டிக்கொள்பவர்கள் நாம். இங்கே சனவரி மாதக் காலையில் பட்டறையின் இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்வதைப்போல் இருக்கும். இரண்டாம் ஆண்டில் அத்தகைய ஒரு காலையில் நான் ஓர் இரும்புப் பட்டையைத் துளைத்துக்கொண்டிருந்தேன். பட்டை வைஸில் இறுகியிருந்தது, வேகம் சரி, கண்ணாடியும் அணிந்திருந்தேன். குளிருக்காக மாட்டிய கம்பளிக் கையுறையை மட்டும் கழற்றவில்லை. பட்டறையில் எங்களுக்குப் பயிற்சி தந்த முதியவரை நாங்கள் உஸ்தாத் என்று அழைப்போம். அவர் தொலைவிலிருந்தே, "தஸ்தானே உதார் தோ, பேட்டா" என்று குரல் கொடுத்தார். கையுறையைக் கழற்றச் சொல்கிறார் என்பது விளங்கியது. இந்த ஒரு துளைதானே, முடித்துவிட்டுக் கழற்றுவோம் என்று எண்ணினேன்.

துளையின் வாயிலிருந்து இரும்புச் சீவல் சுருள் சுருளாக எழுந்து அலகைச் சுற்றிக்கொண்டது. அதை ஒதுக்கச் சுண்டுவிரலை நீட்டினேன். சீவலின் நுனி கம்பளி நூலில் மாட்டியது. அதற்குப் பின் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது; அவ்வளவு விரைவு. உஸ்தாத் ஓடிவந்து விசையை நிறுத்தியபோது என் கையுறை சக்கில் பந்தாகச் சுருண்டு கிடந்தது. விரலின் நகம் போய்விட்டது. நுனிக்கணு இன்றும் முழுதாக மடங்குவதில்லை. கையுறை பழையது, பூச்சி அரித்தது, ஆகவே எளிதில் கிழிந்தது. புதிய கையுறையாக இருந்திருந்தால் அது கிழிந்திராது, விரல்தான் போயிருக்கும். வெறும் விரலில் சீவல் பட்டிருந்தால் கீறிவிட்டு விலகியிருக்கும். நூலோ சிக்கிக்கொண்டு, பின்னால் உள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது. காப்பதற்காக மாட்டும் கையுறை சுழலும் பொறியின் முன்னால் மட்டும் பகையாகிவிடுவது இதனால்தான்.

கையுறைக்குச் சொன்னது மஃப்ளருக்கும் பொருந்தும். சால்வைக்கும், துப்பட்டாவுக்கும், தளர்ந்த குர்தாக் கைக்கும் பொருந்தும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் நாடா, காதிலிருந்து தொங்கும் பாட்டுக் கேட்கும் கம்பி, மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகிய அனைத்தும் பட்டறை வாயிலிலேயே பைக்குள் போக வேண்டும். நீண்ட கூந்தலை உடையவர்கள், ஆண்களாயினும் பெண்களாயினும், அதைச் சுருட்டிக் கொண்டையாக்கித் துணிக்குள் அடக்கிக்கொள்க. பின்னலாகத் தொங்கவிடுவது போதாது. குனிந்து பார்க்கும்போது அது தோளைத் தாண்டி முன்னால் விழும். இயங்கும் பொறியின் அருகே பணி செய்பவர் உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தன் 22-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. சட்டமியற்றியவர்களுக்கு இதில் இருந்த அக்கறை நமக்கும் இருக்கலாம். சீவலை அகற்றத் தூரிகையைப் பயன்படுத்துக. அதுவும் பொறியை நிறுத்திய பின்னரே. வாயால் ஊதினால் அது நம் கண்ணுக்கே வரும்.

இனி மார்க்கிங் கேஜுக்கு வருவோம். இதில் மிகவும் தொல்லை தந்தது மரம் அன்று. முகப்பில் பதிக்கும் பித்தளைத் தகடு. மரம் தேயாதிருக்க 2 மில்லிமீட்டர்த் தகடு ஒன்றைத் திருகாணியால் பொருத்துவது வழக்கம். நண்பர் ஆர்வமிகுதியால் தகட்டை இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குலமாக வெட்டி, அரத்தால் ஓரங்களைத் தீட்டி, மெருகேற்றி எடுத்து வந்தார். "இனித் துளைதான் பாக்கி அண்ணே" என்றார். தலைகீழான வரிசை! அவ்வளவு சிறிய துண்டை எங்கே பிடிப்பது? பெரிய தகடாக இருக்கும்போதே துளைகளைப் போட்டுவிட்டு, அதன்பின் அளவாக வெட்டிக்கொள்ள வேண்டும். மரத்துக்கும் இதே முறைதான். சிறு துண்டில் துளை வேண்டுமாயின், நீண்ட சட்டத்தின் முனையில் துளைத்துவிட்டுப் பின்னர் அறுத்து எடுத்துக்கொள்க. பிடிப்பதற்குரிய இடத்தைப் பொருளே தரும். நண்பருக்கு இன்னொரு தகடு வாங்க வேண்டியதாயிற்று. மெருகேறிய பழைய தகடு இப்போது அவர் மேசையில் தாள் பறக்காமலிருக்க உதவுகிறது.

மெல்லிய தகட்டைத் துளைப்பது ஏன் இவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓர் அழகிய வடிவியல் காரணம் இருக்கிறது. சாதாரண அலகின் முனைக்கோணம் 118 பாகை. 10 மில்லிமீட்டர் அலகாயின், கூர்முனையிலிருந்து முழு அகலத்தை எட்டும்வரை உள்ள உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். தகடோ 2 மில்லிமீட்டர்தான். ஆகவே அலகின் முழு அகலம் தகட்டில் இறங்கும் முன்பே கூர்முனை மறுபுறம் வெளியே போய்விடுகிறது. மையத்தில் ஊன்றி நிறுத்த ஒன்றும் இல்லை, அலகு தடுமாறுகிறது, துளை வட்டமாக இல்லாமல் மூலைகளோடு விழுகிறது. அத்தருணத்தில் அலகின் திருகுப் பள்ளங்கள் தகட்டைக் கவ்வி, திருகாணியில் நட்டு ஏறுவதைப் போலத் தகட்டை மேலே ஏற்றிவிடுகின்றன. மேலேறிய தகடு பிடியிலிருந்து விடுபட்டு விசிறிபோல் சுழலும். கூர்மையான விசிறி!

இதற்குப் பரிகாரம் எளிது. தகட்டை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்து, மூன்றையும் சேர்த்துக் கிளாம்ப்பால் இறுக்கி, மேற்பலகையின் வழியாகவே துளைக்க வேண்டும். மேற்பலகை அலகை நேராக நிறுத்தும். கீழ்ப்பலகை கூர்முனைக்கு ஊன்றுமிடம் தரும். தகடு ஏறுவதற்கு வழியே இல்லை. பித்தளைக்கு இன்னும் ஒன்று உண்டு. இரும்புக்காகத் தீட்டிய அலகின் வெட்டு விளிம்பு முன்சாய்ந்து கூர்மையாக இருக்கும். மென்மையான பித்தளையில் அது வெட்டிக்கொண்டு போகாமல் புதைந்துகொண்டு போகும். ஆதலால் சாணைக்கல்லின் சிறு துண்டால் வெட்டு விளிம்பின் முன்முகத்தை இரண்டு மூன்று முறை தேய்த்து, மயிரிழை அகலத்துக்கு நிமிர்ந்த ஒரு பட்டையை உண்டாக்குவார்கள். உஸ்தாத் அப்படித் தேய்த்த அலகுகளைத் தனியே ஒரு டப்பாவில் வைத்திருந்தார். கூர்மையைக் குறைத்தால் பாதுகாப்பா என்று நண்பர் வியந்தார். பித்தளைக்கு அப்படித்தான்.

துளை முடியும் தறுவாய்தான் எந்தப் பொருளிலும் கெட்ட நேரம். அதுவரை பொருளின் எதிர்ப்பு இருந்தது, நாமும் அழுத்திக்கொண்டிருந்தோம். அடிப்பரப்பு திறந்ததும் எதிர்ப்பு சட்டென்று மறைகிறது. நம் அழுத்தம் மட்டும் மறைவதில்லை. அலகு பாய்ந்து கவ்வும். ஒலி மாறுவதைக் காது கேட்கும். அப்போது கைப்பிடியின்மேல் இருக்கும் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிடுக. மரமாயின் கீழே வீண்பலகை ஒன்றை வைத்துத் துளைத்தால் இந்தப் பாய்ச்சலும் இராது, அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிளக்கவும் பிளக்காது.

கொட்டாப்புளிக்கு நாங்கள் எடுத்தது ஷீஷம். ஊரில் இருந்திருந்தால் கருவேலமோ புளியோ எடுத்திருப்போம். 90 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செவ்வகமான ஒரு துளை வேண்டும்; கைப்பிடி மேலிருந்து நுழைந்து கீழே இறுகும்படி அது சற்றே சரிந்திருக்க வேண்டும். வரிசையாக வட்டத் துளைகளைப் போட்டு, இடையில் மிஞ்சியதை உளியால் செதுக்கி எடுப்பது முறை. ஆழமான துளையில் மரத்தூள் வெளியேற வழியின்றி அடைத்துக்கொள்ளும். அடைத்த தூள் உராய்ந்து சூடேறிப் புகையும். புகை வந்தவுடன் சிலர் இன்னும் அழுத்துவார்கள்; அது தவறு. மரங்கொத்தி கொத்துவதைப் போலச் சிறிது இறக்கி, முழுதும் வெளியே எடுத்து, தூளை உதறிவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். ஒரு துளைக்குப் பக்கத்திலேயே இன்னொரு துளை போடும்போது சாதாரண முறுக்கு அலகு காலியிடத்தை நோக்கி வழுக்கும், வளையும், சில வேளை முறியும். விளிம்பால் வெட்டும் ஃபார்ஸ்ட்னர் அலகு இதற்கு ஏற்றது. அதுவும் இல்லையென்றால் துளைகளுக்கிடையே சிறிது மரத்தை விட்டுவைத்து, உளிக்கு வேலை கொடுப்பதே நல்லது. ஷீஷத்தின் தூள் தும்மலையும் தோல் அரிப்பையும் தரும். மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் சேர்த்தது. மூக்கை மூடிக்கொள்க.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். "வேகமாகச் சுற்றினால் நன்றாக வெட்டும்" என்பது பரவலான தவறான எண்ணம். கணக்கிட வேண்டியது சுற்றின் எண்ணிக்கை அன்று. அலகின் விளிம்பு நகரும் வேகம். மென்மையான இரும்புக்கு விளிம்பு நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவில் நகரலாம். அதை 1000-ஆல் பெருக்கி, அலகின் விட்டத்தாலும் 3.14-ஆலும் வகுத்தால் சுற்று வந்துவிடும். 6 மில்லிமீட்டர் அலகுக்கு 1300. 12 மில்லிமீட்டருக்கு அதில் பாதி. மரத்துக்குச் சிறிய அலகை 2500 வரையும் ஓட்டலாம். பெரிய ஃபார்ஸ்ட்னர் அலகை 500, 600-க்கு மேல் ஓட்டினால் எரியும். ஒரு பெரிய வட்டத்தை வெட்டியெடுக்க நீண்ட கையொன்றில் கத்தி பொருத்திய கருவி இருக்கிறது. அதைப் பொறியின் மிகக் குறைந்த வேகத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும். ஓடும்போது அந்தக் கை கண்ணுக்கே தெரியாது என்பதை நினைவிற்கொள்க. வாரை மாற்றும்போது விசையை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

மூன்றாவது கருவியான இழைப்புளிதான் எங்களை மிகவும் சோதித்தது. அதன் இரும்புக்குப் பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு கிடைத்தது. அதன் நடுவே திருகாணிக்காக 8 மில்லிமீட்டர்த் துளை வேண்டும். நண்பர் நேரே துளைக்கத் தொடங்கினார். அலகு கிறீச்சிட்டது, நீலமானது, முனை மழுங்கியது, பட்டையிலோ ஒரு பளபளப்பான புள்ளி மட்டும் விழுந்தது. கடினமாக்கிய எஃகு இன்னோர் எஃகால் எளிதில் துளைபடாது. அழுத்தி அழுத்திப் பார்த்தால் அலகு வெடித்துத் துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். அதனால்தான் கண்ணாடி வேண்டும். மூக்குக் கண்ணாடி அன்று, பக்கமும் மறைக்கின்ற பாதுகாப்புக் கண்ணாடி.

பட்டையை உலையில் இட்டு, செந்நிறமாகி, காந்தம் ஒட்டாத நிலை வரும்வரை காய்ச்சி, உலர்ந்த சாம்பலில் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டோம். மறுநாள் அது அரத்துக்கு இணங்கியது. முதலில் 3 மில்லிமீட்டர் வழித்துளை. பின்னர் நிமிடத்துக்கு 600 சுற்றில், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, 8 மில்லிமீட்டர்த் துளை. இரண்டு சுருள் சீவல்கள் இருபுறமும் ஒரே சீராக எழுந்து வந்த காட்சியை நண்பர் கைகட்டி நின்று பார்த்தார். அலகின் இரு விளிம்பும் சமமாக வெட்டுகின்றன என்பதற்கு அதுவே சான்று. கையை நீட்டவில்லை. துளையிட்ட பிறகு பட்டையை மீண்டும் கடினமாக்கிப் பதப்படுத்த வேண்டும். அது கொல்லர் கலை. அதைப் பற்றி எழுதத் தக்கவன் நான் அல்லன்.

இழைப்புளியின் கட்டையைக் குடையும்போது நண்பருக்கு ஒரு யோசனை தோன்றியது. துளைப்பொறியில் ரூட்டர் அலகை மாட்டி, கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பள்ளம் எளிதாக விழுமே என்றார். கைவேலை செய்பவர் அனைவருக்கும் ஒரு நாள் இந்த யோசனை வரும். சக் சுழல்தண்டோடு எவ்வாறு ஒட்டியிருக்கிறது என்று அவரைக் கேட்டேன். பெரும்பாலான பொறிகளில் திருகும் கிடையாது, ஆணியும் கிடையாது. சிறிதளவே சரிந்த கூம்பு ஒன்று, அதே சரிவுள்ள குழியில் இறுகி நிற்கிறது. கீழிருந்து மேலே தள்ளும் விசை அதை மேன்மேலும் இறுக்கும். பக்கவாட்டு விசையும் அதிர்வும் வந்தால் மெல்லத் தளரும். தளர்ந்தால் சுழன்றுகொண்டிருக்கும் சக் அலகோடு கழன்று மேசைமேல் விழுந்து ஓடும். துளைப்பொறி துளைப்பதற்கே. பள்ளத்தை உளியால் எடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் ஆயிற்று.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். விடுமுறையில் வீட்டுக்குச் சென்று, சிறு துளைப்பொறி வாங்கி வைத்துக்கொள்ள விரும்புவோர் சிலர் உண்டு. இரும்பு உடல் கொண்ட பொறிக்கு மூன்று முனைப் பிளக்கும், உண்மையிலேயே தரையோடு இணைந்த எர்த் கம்பியும் வேண்டும். மின்தடை ஏற்படும்போது பொறி நின்றுவிடும். "கரண்டு போய்விட்டது" என்று நாம் அலகை மாற்றத் தொடங்குவோம். சாவி சக்கில் இருக்கும்போதே மின்சாரம் திரும்பி வரும். மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, நாம் மறுபடி அழுத்தினாலன்றி ஓடாத விசைகள் கடையில் கிடைக்கின்றன. அவை உள்ள பொறியையே வாங்குக. இல்லையேல் மின்சாரம் போன உடனே விசையை அணைக்கும் பழக்கத்தையாவது கைக்குக் கற்பிக்க வேண்டும்.

சக்கின் சாவியை மறந்து விசையைப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதற்பிழை. சாவி அம்பைப்போல் பறந்துவிடும். எத்திசை என்று சொல்ல முடியாது. கையிலிருந்து எடுத்தவுடன் தானே வெளியே தள்ளிக்கொள்ளும் வில் வைத்த சாவிகள் உண்டு. நம் பட்டறையில் இருப்பது பழைய சாவி. ஆகவே உஸ்தாத் ஒரு பழக்கம் சொல்லித் தந்தார்: சாவி சக்கில் இருக்கும்வரை கை சாவியை விடக்கூடாது. அலகை இறுக்கியதும் சாவியோடேயே கை திரும்பி வந்து, தூணின் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் விசைப் பக்கம் போகும். அணைத்த பிறகும் சக் சில நொடி சுற்றும். அதைக் கையால் பிடித்து நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாகப் போட்டது மார்க்கிங் கேஜின் ஆணித்துளை. 2 மில்லிமீட்டர் அலகு, சட்டம் வைஸில், வேகம் 2500. நண்பரே துளைத்தார். கையுறை இல்லை, கடிகாரம் இல்லை, சாவி ஆணியில் தொங்கியது. துளை மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகிவிட்டது. கோடு கீறுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை.